சீனி போடாத கோப்பை

பிள்ளைகளே, போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நீங்கள் டிவியில் ஒரு பழைய இங்கிலீஷ் படம் போட்டீர்கள். கீழே தமிழில் எழுத்து ஓடியது. படம் முடிந்ததும் நான் எழுந்து போய், தூறலில் வாசற்படியில் உட்கார்ந்துவிட்டேன். "அப்பாவுக்குப் படம் புடிக்கலபோல" என்று சின்னவள் சொன்னது காதில் விழுந்தது.

பிடிக்காமல் இல்லை. அந்தப் படத்தை நான் பத்து வயதில் பார்த்திருக்கிறேன். ஆனால் அன்றைக்கு அதில் கொலை செய்தவன் வேறொருவன்.

இதை உங்களுக்காகத்தான் எழுதுகிறேன். என்னோடு தோட்டத்து வரிசை வீடுகளில், மேல் லயத்திலும் கீழே பணிய லயத்திலும் வளர்ந்தவர்கள் யார் கையிலாவது இது கிடைத்தால் அவர்களும் படிக்க வேண்டும். அவர்களுக்கும் இதில் சேர வேண்டிய ஒரு செய்தி இருக்கிறது. நான் எட்டாம் வகுப்போடு தேயிலை ஃபேக்டரி வேலைக்குப் போனவன். முன்பின்னாக எழுதினால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் தோட்டம் வட்டவளைக்கு மேலே இருந்தது. ரயில் சத்தம் கேட்கும். ரயிலைப் பார்க்க வேண்டுமென்றால் இரண்டு மலை இறங்க வேண்டும். என் அப்பா அங்கே கணக்கப்பிள்ளை. அட்டன் மிஷன் பள்ளிக்கூடத்தில் கொஞ்சம் இங்கிலீஷ் படித்தவர். விடிந்ததும் பெரட்டுக் களத்தில் எல்லாரையும் நிறுத்தி, யாருக்கு எந்த மலையில் வேலை என்று பிரித்து அனுப்புவார்கள். அப்போது தோட்டத்து நிர்வாகியான பெரிய துரை ஒரு கல்மேல் நின்று இங்கிலீஷில் பேசுவார். ஒரு அடி தள்ளிக் கீழே நின்று அப்பா அதைத் தமிழில் சொல்லுவார்.

அந்தத் துரை எங்கள் தோட்டத்துக்கு வந்த கடைசி வெள்ளைக்காரர். அஸ்ஸாம் பக்கமிருந்து வந்தவர். இளவயதில் யுத்தத்துக்குப் போனவராம். தமிழில் அவருக்கு 'சரி', 'சீக்கிரம்' இரண்டு சொல்தான் தெரியும். முகம் சிவக்க ஐந்து நிமிடம் கத்துவார். அவர் முடித்ததும் அப்பா கைகளைக் கட்டிக்கொண்டு, "தொரைக்கு மனசு சரியில்ல. நேத்துக் கொழுந்து கொஞ்சம் முத்தலாம். பாத்து எடுங்க" என்பார். அவ்வளவுதான். மீதிக் கத்தல் எங்கே போனது என்று யாரும் கேட்பதில்லை. "கணக்கப்புள்ள வாயில பஞ்சு வச்சிருக்காரு" என்று சொல்லிச் சிரித்துக்கொண்டே மலையேறுவார்கள்.

இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் போகிற பேச்சுக்கும் அதே பஞ்சுதான். ஒருநாள் பணிய லயத்துப் பெரியம்மா ஒருவர், கூரை ஒழுகுவதைச் சொல்லிச் சொல்லிச் சலித்துப்போய், பெரட்டில் முன்னால் வந்து நின்றார்.

"ஒங்க நாயக் கொண்டாந்து ஒரே ஒரு நாள் எங்க வீட்டுல கட்டிப் போடுங்க தொரை. மழையில நனைஞ்சு, அதுவே ஒங்களக் கடிக்குதா இல்லையான்னு பாப்போம்!"

களமே மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றது. அப்பா துரை பக்கம் திரும்பி இங்கிலீஷில் ஏதோ சொன்னார். துரை முகம் மலர்ந்து "சரி, சரி" என்றார். மறுநாள் மழையோடு மழையாகத் துரை நாயையும் கூட்டிக்கொண்டு பெரியம்மா வீட்டுக்கே வந்துவிட்டார். கூரைத் தண்ணீர் நாய்மேல் ஒழுக, அது உதறிய உதறலில் துரையின் அரைக் கால்சட்டை முழுக்க நனைந்தது. அந்த வாரமே புதுத் தகரம் வந்தது.

வீட்டில் அப்பா அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். "நான் என்னா சொன்னேன் தெரியுமா? 'இந்த அம்மா தொரையையும் நாயையும் வீட்டுக்கு வாங்கன்னு கூப்புடுறாங்க'ன்னேன்."

அம்மா அடுப்பை ஊதிக்கொண்டே, "ஒங்க வாயால நாலு தகரமாவது கெடச்சிச்சே" என்றார். அப்பாவுக்கு அதில் பெருமைதான். எனக்கும் பெருமைதான்.

அந்த நாய் பெட்டை. பழுப்பும் வெள்ளையுமாகக் கன்றுக்குட்டி உயரம் இருக்கும். அதற்குச் சோறு வைப்பது என் மாமா. மாமா என்றால் அம்மாவின் தம்பி. பங்களாவில் அவர்தான் அப்பு. சமையல், பரிமாறல், துரையின் சட்டைக்குப் பெட்டி போடுவது எல்லாம் அவர் வேலை. பித்தளைப் பொத்தான் வைத்த வெள்ளைக் கோட்டு ஒன்று போட்டிருப்பார். அப்போது கல்யாணம் ஆகவில்லை. பங்களாவுக்குப் பின்னாலிருந்த சின்ன அறையில் தங்கியிருந்தார். ஞாயிறு சாயங்காலம் எங்கள் வீட்டுக்கு வருவார். வரும்போது கோட்டுப் பையில் எனக்கு ஒரு பிஸ்கட் இருக்கும். துரையிடம் அவர் 'எஸ் சார்', 'நோ சார்' தவிர வேறு இங்கிலீஷ் பேசி யாரும் கேட்டதில்லை.

இனி அந்தப் படத்துக்கு வருகிறேன்.

துரைமார்கள் கூடும் கிளப்புக்குக் கொழும்பிலிருந்து படச்சுருள் வரும். அந்தத் தடவை வந்த படம் பெரிய துரைக்கு மிகவும் பிடித்துப்போனது. யுத்தப் படம், அதிலும் கொலையைக் கண்டுபிடிக்கிற படம். திங்கட்கிழமை ரயிலில் சுருளைத் திருப்பி அனுப்ப வேண்டும். அதற்கு முன் ஞாயிறு மத்தியானம் தோட்டத்து ஆட்களுக்கும் காட்டலாம் என்று அவருக்கு ஒரு யோசனை.

ஃபேக்டரி மேல்மாடியில் கொழுந்து வாட்டுகிற இடம் இருக்கிறதல்லவா, அங்கேதான் காட்டினார்கள். ஞாயிற்றுக்கிழமை கொழுந்து இல்லை. சாக்குத்துணித் தட்டுகளைச் சுவரோரம் ஒதுக்கி, ஜன்னல்களைத் தடித்த படங்குத் துணியால் அடைத்து இருட்டாக்கினார்கள். பங்களாப் படுக்கை விரிப்பு இரண்டைச் சேர்த்துத் தைத்துத் திரை கட்டியிருந்தது. தைத்தது மாமா. முந்தின நாள் வாடிய கொழுந்தின் வாசம் பலகையெல்லாம் ஏறி, பழுத்த பேரிக்காய் மாதிரி மணத்தது. முன்னால் நாற்காலியில் பெரிய துரை. பக்கத்தில் அவருக்கு உதவியாக இருந்த சின்னத் துரை. அவர்களுக்கு டீ கொடுக்க மாமா வெள்ளைக் கோட்டோடு தட்டு ஏந்தி நின்றார். மற்ற எல்லாரும் தரையில். திரைக்குப் பக்கத்தில் கொழுந்துப் பெட்டியைக் கவிழ்த்து அதன்மேல் அப்பா நின்றார். பெரட்டில் நிற்பது மாதிரியே நின்றார்.

கதை உங்களுக்குத் தெரியும். நீங்களும் பார்த்தீர்கள். என் வயதுக்காரர்களுக்கு ஞாபகப்படுத்துகிறேன். பனி கொட்டுகிற ஊர். பழைய பள்ளிக்கூடம் ஒன்றில் பட்டாளத்து அதிகாரிகள் தங்கியிருக்கிறார்கள். ஒரு கர்னல், ஒரு மேஜர், ஒரு டாக்டர், மீசை முளைக்காத லெப்டினன்ட் ஒருவர். வரைபட அறையில் எழுத்து வேலை பார்த்த சிப்பாய் செத்துக் கிடக்கிறான். மேசையில் இரண்டு டீக் கோப்பைகள். ஒன்றின் அடியில் சீனி தங்கியிருக்கிறது. மற்றதில் சீனியே இல்லை. நொண்டி நடக்கும் அதிகாரி ஒருவர் விசாரிக்க வருகிறார். அதிகாரிகள் நாலு பேர்மேலும் அவருக்குச் சந்தேகம். இவர்கள் எல்லாருக்கும் தட்டில் டீ கொண்டுவந்து கொடுக்கும் சிப்பாய் ஒருவன், வசனமே இல்லாமல் படம் முழுக்க வந்துபோகிறான்.

டீத் தட்டு வரும்போதெல்லாம் மாடி அதிர்ந்தது.

"அடியே, அது நம்ம தூளா இருக்கும்டி!"

"நல்ல தூளு பனியில நிக்குறவனுக்கு. நமக்குக் கூட்டி அள்ளுனது."

"கர்னல் யாரு, நம்ம பெரிய தொரை மாதிரியே இல்ல?"

"அப்ப மீச இல்லாதது சின்னத் தொரை. அந்த டாக்டரு நம்ம டிஸ்பென்சரி ஐயாவேதான். காய்ச்சல்னு போனா அதே மொறப்பு!"

அப்பா ஒவ்வொரு காட்சிக்கும் விளக்கம் சொன்னார். நன்றாகத்தான் சொன்னார். சனம் மூச்சுவிடாமல் கேட்டது. கடைசிக் காட்சி வந்தது. நீண்ட மேசை. அதிகாரிகள் உட்கார்ந்திருக்கிறார்கள். டீக்காரனை நடுவில் நிறுத்தி நொண்டி அதிகாரி கேள்வி கேட்கிறார். இவ்வளவு நேரம் வாய் திறக்காத டீக்காரன் இப்போது பேசுகிறான். நடுங்கிக்கொண்டு நிறையப் பேசுகிறான். கையை நீட்டுகிறான். கர்னல் எழுந்து தொப்பியைக் கழற்றி மேசைமேல் வைக்கிறார். இடுப்புப் பெல்ட்டையும் கழற்றி வைக்கிறார். இரண்டு சிப்பாய்கள் கூட வர, அவர் வெளியே போகிறார். கொஞ்ச நேரம் கழித்து மதிலுக்குப் பின்னாலிருந்து துப்பாக்கிச் சத்தம். மேசைமேல் கோப்பைகள் ஒருமுறை அதிர்ந்து நிற்கின்றன. படம் முடிந்தது.

அந்த இடத்தில் அப்பா திரையைப் பார்த்தார். முன்னால் உட்கார்ந்திருந்த இரண்டு துரைமார்களையும் பார்த்தார். சனத்தைப் பார்த்தார். பிறகு பெரட்டுக் குரலில் சொன்னார்:

"டீக்காரந்தான் கொலகாரன். ஒத்துக்கிட்டு மன்னிப்புக் கேக்குறான். அவனச் சுட்டுட்டாங்க."

கூரைக்காகப் பெரட்டில் முன்னால் வந்த பெரியம்மா சும்மா இருப்பாரா? "அப்ப படத்துல அந்தப் பெரிய தொரை ஏங்க தொப்பியக் கழட்டுனாரு?" என்றார்.

"மரியாதைக்கு" என்றார் அப்பா.

சனம் ஒத்துக்கொண்டது. செத்தவனுக்குத் தொப்பியைக் கழற்றுவது வழக்கம்தானே.

அன்று சாயங்காலம் மாமா எங்கள் வீட்டுக்கு வந்தார். அம்மா கொடுத்த டீயைக் குடித்துவிட்டு, கோப்பையைத் தானே கழுவிக் கவிழ்த்து வைத்தார். போகும்போது, "மச்சான், அந்த டீக்காரன் பாவம்" என்றார்.

"படந்தானே மாப்ள" என்றார் அப்பா.

"படந்தான்" என்றார் மாமா.

இந்தப் பேச்சு எனக்கு அப்படியே ஞாபகம் இருக்கிறது. ஏன் ஞாபகம் இருக்கிறது என்றுதான் இத்தனை வருடமாகத் தெரியவில்லை.

மறுநாளிலிருந்து பெரட்டுக் களத்தில் பிள்ளைகளுக்கு அந்தப் படம்தான் விளையாட்டு. எல்லாருக்கும் கர்னலாக வேண்டும். டீக்காரனாக யாரும் வரமாட்டார்கள். நான் கணக்கப்பிள்ளை மகன் என்பதால் பெட்டிமேல் நின்று விளக்கம் சொல்வது என் பங்கு. "டீக்காரன் ஒத்துக்கிட்டான்!" என்று நான் கத்தினால் எல்லாரும் "டுமீல்" என்பார்கள். ஒருநாள் மாமா சந்தைப் பையோடு அந்த வழியாக வந்தார். வெள்ளைக் கோட்டைப் பார்த்ததும் யாரோ, "டீக்காரன் வர்றான்டா!" என்றார்கள். பின்னாலேயே ஓடினோம். நானும் ஓடினேன். நானும் கத்தினேன். அவர் திரும்பிப் பார்த்துச் சிரித்துவிட்டு எனக்கு மட்டும் பிஸ்கட்டை நீட்டினார். இரண்டு மூன்று நாளில் லயத்துப் பெரியவர்களும் அவரை 'டீக்காரன்' என்றே கூப்பிட ஆரம்பித்துவிட்டார்கள். விளையாட்டுக்குத்தான்.

அந்த வாரம் புதன்கிழமை பள்ளிக்கூடம் விட்டு வரும்போது, விழுந்த பேரிக்காய் பொறுக்கப் பங்களா வேலிப் பக்கம் போனேன். மரம் உள்ளே. பழம் பாதி வெளியே, மழைத்தண்ணீர் ஓடுகிற கானுக்குள் விழும். நான் கானுக்குள் குனிந்திருந்தேன். சின்னத் துரை கையில் ஒரு தகர டின்னோடு வந்தார். குச்சியால் அதிலிருந்து இறைச்சித் துண்டுகளை எடுத்துக் கானோரம் மூன்று நாலு இடத்தில் வைத்தார். என்னைப் பார்க்கவில்லை. டின்னைப் புதருக்குள் வீசிவிட்டு, கையைப் புல்லில் துடைத்துக்கொண்டு போய்விட்டார்.

எதற்கென்று எனக்கு அப்போதே தெரியும். பங்களாப் பெட்டை நாயைத் தேடி லயத்து நாய்கள் அங்கே சுற்றும். சின்னத் துரைக்கு அவற்றைக் கண்டால் ஆகாது. ஆனால் எந்த நாய்க்கும் யாரும் விஷம் வைக்கக்கூடாது, வைத்தால் வேலை போய்விடும் என்று பெரிய துரை பெரட்டிலேயே சொல்லியிருந்தார். அதை மட்டும் அப்பா பஞ்சு வைக்காமல் அப்படியே சொன்னார்.

வியாழக்கிழமை காலையில் செத்துக் கிடந்தது பங்களா நாய்தான். பேரிமரத்தடியில், வாயில் நுரையோடு கிடந்தது. பெரிய துரை சாப்பிடவில்லை, மலைக்குப் போகவில்லை என்றார்கள். நாய்க்குச் சோறு வைப்பது யார்? அப்பு. பங்களாச் சாமான் அறையில் எலி மருந்து இருந்ததும் உண்மை. அப்பு வைத்த சோற்றில்தான் என்னமோ இருந்திருக்கிறது என்று சின்னத் துரை சொன்னாராம். சனிக்கிழமை ஆபீசில் விசாரணை. நிரூபணமானால் மாமாவுக்கு வேலையும் அறையும் இரண்டும் போகும்.

வேறொரு சமயமாக இருந்தால் லயம் முழுக்க அவருக்காக எழுந்து நின்றிருக்கும். இந்தத் தடவை எல்லாரும் ஒரு மாதிரி சிரித்தார்கள். தொழிற்சங்கத் தலைவர் அம்மாவிடமே சொன்னார்: "என்னாம்மா செய்ய? சாப்பாடு குடுத்தது அவருதானே. படத்துல பாத்தோமே, தட்டு தூக்குறவன் மனசுல என்னா இருக்குன்னு யாருக்குத் தெரியும்?"

வியாழன் சாயங்காலமே நான் பார்த்ததை வீட்டில் சொல்லிவிட்டேன். அப்பா வெற்றிலையை மெல்லுவதை நிறுத்தினார்.

"நீ பாக்கல."

"பாத்தேம்ப்பா."

"பாத்தாலும் பாக்கல. தொரைமாரு விசயம் அது."

அம்மா அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். சுளகைக் கீழே வைத்தார். "ஏங்க, ஊருக்கெல்லாம் ஒங்க வாயி பஞ்சு. எந்தம்பிக்கு மட்டும் கல்லா?"

"ஒனக்கு ஒண்ணும் வெளங்காது. சின்னத் தொரை மேல கணக்கப்புள்ள மகன் கையக் காட்டுனா நம்ம இங்க இருக்க முடியுமா?"

"எந்தம்பி மட்டும் போயிறணுமா?"

அப்பா வெற்றிலையைத் துப்பிவிட்டு வெளியே போனார். அம்மா சுளகை மறுபடி எடுத்துக்கொண்டார். ஆனால் சனிக்கிழமை மலைக்குப் போகாமல், எனக்குத் தலைசீவி, ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போடும் சட்டையைப் போட்டுவிட்டு ஆபீசுக்குக் கூட்டிக்கொண்டு போனார். வாசலில் நின்று, "சாட்சி வந்திருக்குன்னு சொல்லுங்க" என்றார். அப்பா எங்களைப் பார்த்த பார்வை இன்றைக்கும் கண்முன் நிற்கிறது. கோபம் இல்லை அது. வழுக்குப் பாறையில் கால் வைத்தவன் பார்வை.

உள்ளே பெரிய துரை மேசைக்குப் பின்னால். ஜன்னலோரம் சின்னத் துரை. கதவுப் பக்கம் மாமா, வெள்ளைக் கோட்டுப் பொத்தான் எல்லாம் பூட்டி. மேசைக்குப் பக்கத்தில் அப்பா. அம்மா வாசலிலேயே நின்றுகொண்டார். படத்தின் கடைசிக் காட்சி மாதிரியே இருந்தது. நான் பயந்துபோய் டீக்காரன் எங்கே நின்றானோ அந்த இடத்தில் நின்றேன்.

ஒரே மூச்சில் சொன்னேன்: "சின்னத் தொரை டின்னுல எறச்சி கொண்டாந்து கானோரமா வச்சாரு. நான் பாத்தேன்."

அப்பா பெரிய துரை பக்கம் திரும்பி இங்கிலீஷில் சொன்னார். நான் சொன்னதைவிட நீளமாக இருந்தது. அதில் 'அப்பு' என்ற சொல் இரண்டு தடவை வந்தது. நான் அப்பு என்று சொல்லவே இல்லை. இங்கிலீஷில் சொல்லும்போது அப்படி வரும்போல என்று நினைத்துக்கொண்டேன்.

பெரிய துரை என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார். கோபப்படவில்லை. மாமாவைப் பார்த்து ஏதோ கேட்டார்.

"வேற ஏதாச்சும் சொல்லணுமான்னு கேக்குறாரு" என்றார் அப்பா, மாமாவைப் பார்க்காமல்.

மாமா துரையை நேராகப் பார்த்தார். வாய் திறந்தார். பிறகு வாசலில் நின்ற அம்மாவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"ஒண்ணுமில்லைங்க" என்றார்.

அடுத்த செவ்வாய்க்கிழமை கொழுந்து லொறியில் ஒரு தகரப் பெட்டியோடு மாமா போனார். வெள்ளைக் கோட்டைத் துவைத்துப் பெட்டி போட்டு, பங்களாக் குசினியில் அடுப்புக்குப் பக்கத்து ஆணியில் மாட்டிவிட்டுப் போனதாகச் சொன்னார்கள். நோட்டன் பிரிட்ஜில் கரண்ட் வேலைக்கு வந்தவர்கள் தங்கும் விடுதி ஒன்றில் சமையல் வேலை கிடைத்தது. அங்கேயே கல்யாணம், பிள்ளைகள் எல்லாம்.

அம்மா சாகும்வரை பெரிய துரையைத்தான் திட்டினார். "எம்புள்ள பாத்தத பாத்தபடி சொன்னான். அந்த வெள்ளைக்காரன் நம்பல. அவனுக்கு நாய்தான் மனுசன்" என்பார். அப்பா பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பார். ஒரு தடவைகூட மறுத்துப் பேசியதில்லை. ஒவ்வொரு கிறிஸ்மசுக்கும் நல்ல தூளாகப் பார்த்து ஒரு பொட்டலம் கட்டி, "மாமாக்கிட்ட குடுத்துட்டு வா" என்று என்னை அனுப்புவார். தான் போகமாட்டார். அப்பாவின் அடக்கத்துக்கு மாமா வந்திருந்தார். ஒரு கைப்பிடி மண் போட்டுவிட்டு, சாப்பிடாமல் பஸ் ஏறிவிட்டார்.

இத்தனை வருடமும் எனக்குத் தெரிந்த கதை அம்மா சொன்ன கதைதான். போன மாதம் உங்கள் டிவியில் அந்த எழுத்து ஓடும்வரை.

கடைசிக் காட்சியில் டீக்காரன் என்ன சொல்கிறான் என்று நீங்கள் படித்தீர்கள் அல்லவா? "நான்தான் எல்லாருக்கும் டீ கொடுப்பவன். சீனி போடாமல் குடிப்பவர் ஒருவர்தான்" என்கிறான். கையை நீட்டிக் கர்னலைக் காட்டுகிறான். சுடப்பட்டது கர்னல். டீக்காரன் சாட்சி.

அதற்குப்பிறகு அட்டனிலிருந்து பஸ் பிடித்து நோட்டன் பிரிட்ஜ் போனேனே, சொந்த விசயமாக என்று சொல்லிவிட்டு, அது இதற்காகத்தான். மாமாவுக்கு எண்பது தாண்டிவிட்டது. காது நன்றாகக் கேட்கிறது. மகள் வீட்டில் இருக்கிறார். டீ போட மட்டும் யாரையும் விடமாட்டாராம்.

"சீனி எத்தன மருமவனே?"

"போடாதீங்க மாமா. எனக்கு நீரிழிவு."

கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டே என்னைத் திரும்பிப் பார்த்தார். "அப்ப நீதான் கொலகாரன்" என்றார்.

நான் நாற்காலியை அவர் பக்கம் இழுத்துப் போட்டேன். பிறகுதான் கேட்டேன். "மாமா, ஒங்களுக்கு இங்கிலீஷ் தெரியுமா?"

"பங்களாவுல பதினாறு வருசம். தெரியாம இருக்குமா? ஆனா தெரியும்னு காட்டக்கூடாது. தட்டுத் தூக்குறவனுக்குக் காது கேக்கும், இங்கிலீஷ் கேக்காதுன்னு நெனச்சாத்தான் தொரைமாரு நிம்மதியா பேசுவாங்க. காட்டுனா அடுத்த நாளே வேற ஆளு."

"அன்னைக்கு ஆபீசுல அப்பா என்னா சொன்னாரு?"

மாமா கரண்டியைக் கீழே வைத்தார். டீயை ஆற்றி என் முன்னால் வைத்தார். "நீ சொன்னதச் சொல்லவே இல்ல. 'இந்தப் பையன் அப்புவோட அக்கா மகன் தொரை. அப்பு சொல்லிக் குடுத்ததத்தான் சொல்லுவான்'னாரு."

நான் கோப்பையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அது பொய்யில்லை. நான் அப்புவின் அக்கா மகன்தான். தன் மகன் என்பதை மட்டும் அப்பா சொல்லவில்லை. அந்தத் துரைக்கு லயத்துப் பிள்ளைகளில் யார் யாருடைய பிள்ளை என்று தெரியாது.

"நீங்க இங்கிலீஷ்லயே சொல்லியிருக்கலாமே மாமா."

"வாயி வரைக்கும் வந்துச்சு. சொல்லியிருந்தா, அவரு மாத்திச் சொன்னது தெரிஞ்சு அந்த எடத்துலயே ஒங்கப்பாவுக்கு வேலை போயிருக்கும். எங்கக்கா வாசல்ல நிக்குது. ஒன்னோட சேத்து அஞ்சு புள்ளைங்க. எனக்கென்னா, ஒத்தக் கட்டை. எங்க போனாலும் ஒரு குசினி கெடைக்கும்."

"அப்பா மேல கோவம் இல்லையா?"

"இல்லாம? ஒவ்வொரு கிறிஸ்மசுக்கும் தூளு கொண்டாந்து குடுப்பியே. ஒரு கோப்பை நான் குடிச்சதில்ல. விடுதிப் பயலுகளுக்குப் போட்டுக் குடுத்துருவேன்." கொஞ்சம் யோசித்துவிட்டு, "நல்ல தூளாத்தான் இருந்துச்சுன்னானுங்க" என்றார்.

பிள்ளைகளே, உங்கள் தாத்தாவைக் குறைசொல்ல இதை எழுதவில்லை. அந்தப் பஞ்சு வாயால் எங்கள் லயத்துக்குத் தகரம் வந்தது. எத்தனையோ காலைகளில் சண்டை வராமல் போனது. அவர் செய்த தப்பு, பெரட்டில் பேசுவதுபோலவே எல்லா இடத்திலும் பேசலாம் என்று நினைத்தது. அந்தத் துரை ஒருவேளை நம்பியிருக்கலாம். ஒழுகுகிற கூரையைப் பார்க்க மழையில் நடந்து வந்தவர்தானே. அவருக்கு அந்தச் சந்தர்ப்பமே கொடுக்கப்படவில்லை.

அன்றைக்கு அந்த மாடியில் தரையில் உட்கார்ந்து படம் பார்த்தவர்களே, என்னோடு சேர்ந்து மாமா பின்னால் ஓடியவர்களே, உங்களில் மிச்சமிருப்பவர்களுக்குச் சொல்கிறேன். படத்தில் கொலை செய்தது சீனி போடாமல் டீ குடித்த கர்னல். டீக்காரன் கண்டதைச் சொன்னவன். அவனை யாரும் சுடவில்லை.

எங்கள் தோட்டத்துப் பங்களா நாய்க்கு என் மாமா விஷம் வைக்கவில்லை. கானோரம் இறைச்சியை வைத்தது சின்னத் துரை. நான் பார்த்தேன்.